எஞ்சின் பிரிக்க: கடைக் கருவியா, கைக் கருவியா?

மோட்டார் சைக்கிள் எஞ்சினை அடிவரை பிரிக்க நினைத்து சர்வீஸ் மேனுவலைத் திறந்தால், இரண்டு பக்கத்துக்கு ஒரு 'சிறப்புக் கருவி' வந்து நிற்கும். அத்தனையையும் ஒரே ஒரு எஞ்சினுக்காக வாங்குவது பலருக்குக் கட்டுப்படியாகாது. மறுபக்கம், சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் எதையும் கழற்றலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. கழற்றலாம்தான், திரும்ப மாட்டும்போதுதான் பிரச்சினை தெரியும்.

வாங்கிய கருவி, வீட்டில் செய்த கருவி, சுத்தியல் என மூன்றையும் எடைபோட நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கொடுக்கிற விசை எங்கே போய் முடிகிறது? கழற்ற வேண்டிய பாகத்துக்கும் அதைப் பிடித்திருக்கும் பாகத்துக்கும் நடுவிலேயே முடிந்தால் கைத்தயாரிப்பு தாராளமாகப் போதும். நடுவில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடோ பேரிங் குண்டோ அகப்பட்டு அடி வாங்கினால், சுத்தியலைக் கீழே வைத்துவிடலாம்.

பிஸ்டன் பின்

பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் இந்தப் பின்னைக் கழற்ற வீட்டுக் கருவிக்கே என் ஓட்டு. பின்னின் துளைக்குள் நுழையும் அளவுக்கு நீளமான மரைக்கம்பி, இரண்டு நட், சில வாஷர், பின் உள்ளே நுழையும் அளவுள்ள ஒரு பாக்ஸ் ஸ்பேனர் சாக்கெட், அவ்வளவுதான். ஒரு பக்கத்து வாஷரும் நட்டும் பின்னின் வெளி விட்டத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அவை பின்னோடு சேர்ந்து பிஸ்டனுக்குள் நகரும். மறுபக்கம் சாக்கெட்டைப் பிஸ்டன் மேல் சாய்த்து, நடுவில் தோல் துண்டோ மடித்த துணியோ கொடுத்து நட்டைத் திருகினால் பின் நகர்ந்து சாக்கெட்டுக்குள் வந்துவிடும். விசை பிஸ்டனுக்கும் பின்னுக்கும் நடுவிலேயே முடிகிறது. கடையில் விற்பதும் இதே அமைப்புதான், பெயின்ட் மட்டும் கூடுதல். சுத்தியலால் தட்டினால் அடி முழுவதும் கனெக்டிங் ராடுக்குப் பக்கவாட்டில் போகும். எதைச் செய்வதற்கு முன்பும், பின்னை நழுவாமல் பிடிக்கும் சர்க்லிப் வளையம் உட்கார்ந்திருந்த பள்ளத்தின் விளிம்பைச் சுரண்டி விடுங்கள். பாதி நேரம் பின் சிக்குவது அங்கேதான்.

மேக்னெட் புல்லர்

இங்கே தீர்ப்பு தலைகீழ். மேக்னெட், அதாவது மின்சாரம் தரும் காந்தச் சக்கரம், கிராங்க் என்னும் எஞ்சினின் சுழல் தண்டின் கூம்பான நுனியில் ஆப்பு போல இறுகி உட்கார்ந்திருக்கும். அதன் கழுத்தில், இழுத்துக் கழற்றும் கருவியான புல்லருக்கென்றே நுண்மையான மரை வெட்டியிருப்பார்கள். 27 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) என்பது பரவலான அளவுகளில் ஒன்று. சில எஞ்சின்களில் அது எதிர்ப்பக்கம் திருகும் இடது மரை. அந்த மரையைத் துல்லியமாக வெட்ட எப்படியும் லேத் வேண்டும். அதற்கு ஆகும் அலைச்சலைப் பார்த்தால், சிறப்புக் கருவிகளிலேயே மலிவானவற்றில் ஒன்றான இந்தப் புல்லரை வாங்கிவிடுவதே மேல்.

வாங்க முடியாத இடத்தில் இரண்டு மாற்று உண்டு. சில வண்டிகளில் பின்சக்கர ஆக்ஸிலின் மரையும் மேக்னெட்டின் மரையும் ஒத்துப்போகும். அங்கே ஆக்ஸிலே புல்லர். கையால் திருகும்போதே தடையில்லாமல் பல சுற்று உள்ளே போக வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே பிடித்தால் அது வேறு மரை, விட்டுவிடுங்கள். மேக்னெட்டின் முகத்தில் மரையிட்ட துளைகள் இருந்தால் இரண்டாவது வழி: தடித்த இரும்புத் தகட்டில் அதே இடைவெளியில் துளையிட்டு போல்ட் மாட்டி, நடுவில் ஒரு தள்ளு போல்ட். இது அருமையான வீட்டுக் கருவி.

மூன்று கால் புல்லரை வெளி விளிம்பில் மாட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது வேண்டாம். கழுத்தில் இழுக்க வேண்டியதை விளிம்பில் இழுத்தால் விளிம்பு கோணும், ஒட்டியிருக்கும் காந்தம் பெயரும். கிராங்க் நுனியில் ஓங்கி அடிப்பது அதைவிட மோசம். ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் கிராங்க் தனித்தனித் துண்டுகளாக அழுத்திச் சேர்க்கப்பட்டது. அந்த அடியில் அதன் நேர் கெடும்.

கிளட்ச் பிடிப்பான்

நடு நட்டைக் கழற்றும்போது கிளட்ச்சின் மையப்பகுதியான ஹப் சுற்றாமல் பிடிக்கத்தான் இது. கடையில் கிடைக்கும் பிடிப்பான் இடுக்கி மாதிரி, ஹப்பின் இரண்டு பல்லை மட்டும் பிடிக்கும். தேய்ந்து தூக்கிப் போட்ட கிளட்ச் ஸ்டீல் பிளேட்டில் ஒரு பட்டை இரும்பை வெல்டிங் வைத்தால், அது ஹப்பின் எல்லாப் பல்லையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். வீட்டுச் சாமான் கடைச் சாமானை வெல்கிற அபூர்வமான இடம் இது. வெல்டிங் இல்லையென்றால், எஞ்சின் வண்டியிலேயே செயினோடு இருக்கும்போது மேல் கியரில் போட்டுப் பின் பிரேக்கை அமுக்கிப் பிடித்துக் கழற்றலாம். கிராங்க்கையும் கிளட்ச்சையும் இணைக்கும் பிரைமரி கியரின் பற்களுக்கு நடுவில் செம்போ அலுமினியமோ ஒரு துண்டைக் கொடுத்து நிறுத்துவதும் உண்டு. அங்கே இரும்பு ஸ்க்ரூ டிரைவரைச் செருகினால் பல் சில்லு தெறிக்கும்.

நான்கு வெட்டு உள்ள வட்ட நட்டுக்கு, பழைய சாக்கெட்டின் வாயை அரத்தாலோ கிரைண்டராலோ தேய்த்து நான்கு பல் மட்டும் விட்டால் வேலை முடிந்தது. உளி வைத்துத் தட்டிக் கழற்றிய நட்டு எங்கே கிடந்தாலும் பார்த்தவுடன் தெரியும்.

பேரிங்: புல்லரா, அடுப்பா?

இந்தப் போட்டியில் கருவியே தேவையில்லை என்பதுதான் என் கட்சி. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். 6305 என்ற எண்ணுள்ள பேரிங்கின் வெளி விட்டம் 62 மி.மீ. எஞ்சினின் அலுமினியக் கூடான கேஸை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அதில் பேரிங் உட்காரும் துளை 0.11 மி.மீ. அளவுக்கு விரியும். பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் அதுவும் 0.03 மி.மீ. சுருங்கும். இறுக்கமே நூறில் சில பங்கு மி.மீ.தான் என்பதால் பேரிங் தானாகவே உள்ளே இறங்கி உட்காரும். கழற்றும்போது பேரிங்கும் சேர்ந்து சூடாகும்; அப்போதும் 0.05 மி.மீ. மிச்சம் இருக்கும். கேஸைக் கவிழ்த்து மரப்பலகையில் தட்டினாலே பல நேரம் விழுந்துவிடும்.

சூடு சீராகப் பரவ வேண்டும், அதற்கு மின் அடுப்புப் பெட்டியே சிறந்தது. ஒரே இடத்தில் தீ காட்டினால் கேஸ் கோணும். தண்ணீர்த் துளி பட்டதும் சீறினால் சூடு போதும். முக்கியமாக, பெட்ரோலில் கழுவிய கேஸை நன்றாகக் காயவைக்காமல் அடுப்புக்குள் வைக்கக் கூடாது.

பின்பக்கம் அடைபட்ட புஷ்ஷுக்கு (தண்டைத் தாங்கும் உலோகக் குழல்) வேறு வழி: உள்ளே கிரீஸ் நிரப்பி, துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியால் தட்டினால் கிரீஸின் அழுத்தமே புஷ்ஷை வெளியே தள்ளும். குண்டு பேரிங்கில் கிரீஸ் இடுக்கு வழியாக நழுவிவிடும் என்பதால் அங்கே இதை அதிகம் நம்ப முடியாது.

கேஸ் இரண்டையும் பிரிக்கத் தகடும் போல்ட்டும் கொண்ட புல்லரை வீட்டிலேயே செய்யலாம். ஒட்டுமுகத்தில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால் அந்தக் கீறல் வழியே எண்ணெய் ஒழுகும்.

பிஸ்டன் ரிங்குகளை அமுக்க டின் தகடும் ஹோஸ் கிளிப்பும் போதும். சிலிண்டரின் கீழ்வாய் சரிவாகச் சீவியிருந்தால் விரலே போதும். வால்வு ஸ்பிரிங்கை அமுக்க ஜி கிளாம்ப்போடு, பக்கத்தில் ஜன்னல் வெட்டிய குழாய்த் துண்டு.

அளவுக் கருவிகள்

இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரென்ச் இல்லாதவர் கை உணர்வை நம்புவார். அதைவிடத் தராசை நம்பலாம். நட்டின் மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி ஸ்பேனரில் கம்பி வளையம் போட்டு, கொக்கித் தராசால் செங்கோணத்தில் இழுங்கள். 10 கிலோ காட்டினால் 24.5 நியூட்டன் மீட்டர். 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாகக் கேட்பது 10 முதல் 12. அதாவது தராசில் 4 முதல் 5 கிலோ. பெரிய டார்க் ரென்ச் தன் அளவின் அடிக்கோடியில் தடுமாறும், அங்கே இந்தத் தராசு அதைவிட நியாயமாகச் சொல்லும். ஹெட் நட்டுகளுக்கு மட்டும், ஒரே சீராக நாலைந்தை இறுக்க வேண்டியிருப்பதால், நல்ல ரென்ச்சை இரவலாவது வாங்குவேன்.

சிலிண்டரின் உள்துளையான போரின் தேய்மானத்தை அளக்கவும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. பழைய ரிங் ஒன்றைச் சிலிண்டரில் தேயாத அடிப்பகுதியில் நேராக வைத்து முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்கவும். பிறகு அதையே அதிகம் தேய்ந்த மேல் பகுதியில் அளக்கவும். இரண்டுக்குமான வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தின் வித்தியாசம் கிடைக்கும். இடைவெளி வித்தியாசம் 0.16 மி.மீ. என்றால் போர் 0.05 மி.மீ. பெருத்திருக்கிறது. ஆனால் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் இது காட்டிக்கொடுக்காது, அதற்கு போர் கேஜ்தான் வேண்டும்.

கிராங்க் நேராக இருக்கிறதா என்று பார்க்கவும், வளைந்ததைத் திருத்தவும் வீட்டில் எதுவும் செய்ய முடியாது. கேட்கிற துல்லியம் நூறில் ஒரு பங்கு மி.மீ. கணக்கு. கிராங்க்கை மட்டும் துணியில் சுற்றி, வி பிளாக்கும் டயல் கேஜும் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.