செம்பு மருந்து: பெரிய தொட்டியிலா, தனித் தொட்டியிலா?

கடல் மீனில் வெண்புள்ளி என்ற ஒட்டுண்ணி நோய் வந்தால் செம்பு நல்ல மருந்துதான். அட்டன், நுவரெலியாப் பக்கம் மீன் வளர்ப்பவர்கள் குழம்புவது, அதை எங்கே ஊற்றுவது என்பதில்: மீன் வழக்கமாக வாழும் பெரிய தொட்டியிலா, மருந்துக்காக மீனை மட்டும் மாற்றும் தனித் தொட்டியிலா?

பாசி
பெரிய தொட்டி: கோலெர்ப்பா போன்ற கடற்பாசிகள் வெளிறிக் கரையும், செம்பு ஒளிச்சேர்க்கையையே கெடுக்கிறது. பாறையில் படரும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசிக்கும் ஆபத்து. பாசி ஒழிந்தால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். செத்தது அழுகினால் அமோனியா ஏறும், ஒட்சிசன் குறையும். நைட்ரேட்டை உறிஞ்சிக்கொண்டிருந்ததும் அதே பாசிதான். இறால், நத்தை, பவளம் எதுவும் மிஞ்சாது.
தனித் தொட்டி: பாசிக்கு ஒன்றும் ஆகாது.

அளவு
பெரிய தொட்டி: பவளப் பாறையும் மணலும் செம்பை இழுத்துக்கொள்ளும்; அளவு நிற்காது.
தனித் தொட்டி: வெறும் கண்ணாடி. சாதாரண செம்பு (வேறு பொருளோடு பிணைக்காத அயன் செம்பு) என்றால் லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை, சோதனைக் கிட்டை வைத்துப் பிடிக்கலாம்.

செலவு
பெரிய தொட்டி: மருந்துக் காசு மட்டும்.
தனித் தொட்டி: இன்னொரு வடிகட்டி, நம் குளிருக்கு இன்னொரு ஹீற்றர், அப்புறம் கரண்ட் பில்.

ஒரு விஷயம்: தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் செம்புத் தூளை எந்தத் தொட்டியிலும் போடாதீர்கள்.

பாறையும் மணலும் பாசியும் இல்லாமல் மீன் மட்டும் இருந்தால் பெரிய தொட்டியிலேயே ஊற்றலாம். பாசியோ பவளமோ இருந்தால் தனித் தொட்டிதான்; எல்லா மீனையும் மாற்றி, அங்கே மிஞ்சிய ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் சாகும்படி, பெரிய தொட்டியைச் சுமார் 76 நாள் மீனில்லாமல் விடுங்கள்.