படகைச் சுற்றி எண்ணெய்ப் படலம்: நாசிலா, ஆயில் கூலரா?

தொண்டியிலோ நம்புதாளையிலோ நிற்கும் ஒரு டீசல் படகைச் சுற்றித் தண்ணீரில் வானவில் நிறத்தில் எண்ணெய் படர்ந்தால், படகுக்காரரின் சந்தேகம் முதலில் இஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்மேல்தான் போகிறது. திருவாடானை தாண்டித் தேவகோட்டை பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் தீர்ப்பும் முடிந்துவிடுகிறது: “அண்ணே, நாசிலைக் கழற்றி டெஸ்ட் போட்டுக் கொடுத்துடுங்க.” குற்றம் நாசிலுடையதாகவே இருக்கலாம். ஆனால் அதே படலத்தைப் படகுக்குள் அடிப்பகுதியில் தேங்கும் தண்ணீரும், இஞ்சின், கியர்பாக்ஸ் ஆயிலைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஆயில் கூலரும், புரொப்பல்லரைச் சுழற்றும் சாஃப்ட்டும் உண்டாக்கும். எதையும் கழற்றுவதற்கு முன் இந்த நான்கையும் பிரித்தறிய முடியும் என்பதும், அதற்குப் படலத்தின் நிறத்தைவிட அது எந்த இடத்தில், எந்த நேரத்தில் தோன்றுகிறது என்பதே உதவும் என்பதும் என் உறுதியான கருத்து.

மிதப்பது எண்ணெய்தானா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். செம்பராங்கல் பூமியான நம் பக்கத்தில், ஊருணிக் கரையோரம் தேங்கிய நீரின் மேல் எண்ணெய் போலவே மினுங்கும் ஏட்டைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் இரும்புச் சத்துள்ள நீரில் வளரும் பாக்டீரியாக்களின் வேலை. குச்சியால் கலைத்தால் அந்த ஏடு உடைந்து சில்லு சில்லாகப் பிரிந்து நிற்கும். டீசலும் இஞ்சின் ஆயிலும் அப்படி உடையாமல், குச்சியைச் சுற்றி வளைந்து மீண்டும் ஒன்றுகூடிவிடும். அலையில்லாத கடலோரத்தில் அழுகும் பாசியும் இப்படிப்பட்ட ஏட்டைத் தரக்கூடும் என்பதால், படகுத்துறையிலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

நிறத்தைக் கொண்டு எண்ணெயின் வகையைச் சொல்லிவிடலாம் என்று நம்புவோர் உண்டு. நிறம் முதன்மையாகக் காட்டுவது படலத்தின் தடிமனைத்தான். கடலில் கசிந்த எண்ணெயை விமானத்திலிருந்து மதிப்பிட ஐரோப்பிய நாடுகள் பயன்படுத்தும் பான் உடன்படிக்கைக் குறியீட்டின்படி, வெள்ளி நிறப் படலம் 0.04 முதல் 0.3 மைக்ரான் தடிமனும், வானவில் நிறப் படலம் 0.3 முதல் 5 மைக்ரான் தடிமனும் கொண்டது (ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் உள்ள ஒரு வளவின் அளவுக்கு வெள்ளி நிறம் படர்ந்திருந்தால், கணக்குப்படி அதில் உள்ள எண்ணெய் 4 முதல் 30 மில்லிலிட்டர்தான். அதே பரப்பு வானவில் நிறத்தில் இருந்தால் 30 மில்லிலிட்டரில் தொடங்கி அரை லிட்டர் வரை போகலாம். ஆகவே பெரிய படலம் என்றால் பெரிய பழுது என்று பதறவும் வேண்டாம். ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கில் குறைவு தெரியவில்லை என்பதால் ஆயில் கசியவில்லை என்று ஒரே நாளில் முடிவுகட்டவும் வேண்டாம்.

படகின் அடித்தண்ணீரை அடையாளம் காண்பது மற்றவற்றைவிட எளிது. அதை வெளியேற்றும் பம்பு ஓடும்போது மட்டும் படலம் வரும். தானியங்கிப் பம்பாக இருந்தால் இஞ்சின் நின்ற பிறகும், இரவிலும் விட்டுவிட்டு வரும். டீசல் நிரப்பிய கையோடு வருமானால் டேங்கின் காற்றுக்குழாய் வழியாக வழிந்ததா என்று பார்க்க வேண்டும். அடிப்பகுதியை முழுவதும் துடைத்துக் காயவிட்டு, வெளுத்த பழைய வேட்டித் துணியைக் கிழித்து டீசல் ஃபில்டர், டீசல் பம்பு, இஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப் ஆகியவற்றின் கீழ் தனித்தனியாக விரித்துவிட்டு இஞ்சினை ஓட்டினால், கறை விழும் துண்டு இடத்தைச் சொல்லிவிடும். கறுப்பாகத் திட்டாக நின்றால் இஞ்சின் ஆயில். நிறமே இல்லாமல் ஈரம்போல் அகலமாக ஊறி, மூக்கருகில் கொண்டுபோனதும் நெடி அடித்தால் டீசல்.

சாஃப்ட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் பேக்கிங்கில் அடைத்த கிரீஸ், படகின் பின்பக்கம் மட்டும், சாஃப்ட் சுழலும்போது மட்டும், சிறு திட்டுகளாக வரும்.

உண்மையான சிக்கல், புகையும் குளிர்விக்கும் கடல் தண்ணீரும் ஒரே குழாயில் வெளியேறும் படகுகளில் இருக்கிறது. நாசில் கெட்டு எரியாமல் வரும் டீசலும், கூலரில் கசியும் ஆயிலும் அங்கே ஒரே துளை வழியாகக் கடலில் விழுகின்றன. புகை தனியாக மேலே போய், தண்ணீர் மட்டும் பக்கவாட்டில் விழும் படகுகளில் இந்தக் குழப்பம் இல்லை. விழும் தண்ணீரோடு படலம் வந்தால் நாசிலை மறந்துவிட்டுக் கூலரைப் பார்க்கலாம்.

ஒரே குழாய் உள்ள படகில், விடியற்காலையில் இஞ்சினைக் கிளப்பியதும் அந்தத் தண்ணீரில் ஒரு வாளி பிடிக்க வேண்டும். பிறகு சுமையோடு ஓட்டி நன்றாகச் சூடேறியதும் இன்னொரு வாளி. எரியாத டீசலாக இருந்தால் முதல் வாளியில் அதிகமாகவும் இரண்டாவதில் குறைவாகவும் இருக்கும். கிளப்பும்போது வெண்புகையும் சேர்ந்து வரும். சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் நாசிலையும் கம்ப்ரஷனையும் சோதிக்க நல்ல காரணம் கிடைத்துவிட்டது. கூலர் கசிவு இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். இஞ்சின் வேகம் கூடக் கூட ஆயில் அழுத்தம் ஏறுவதால் படலமும் கூடும். புகையில் எந்த மாற்றமும் இருக்காது. புகை நீலமாக இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது என்று பொருள். அந்த வழக்கே வேறு.

டிப் ஸ்டிக்கிலும் இரண்டும் எதிரெதிராகவே பேசும். ஒழுகும் நாசிலிலிருந்து டீசல் கீழே இறங்கி ஆயிலோடு கலந்தால் ஆயில் மட்டம் ஏறும். விரலில் தொட்டால் ஆயில் நீர்த்துப்போய் டீசல் நெடி அடிக்கும். கூலர் கசிந்தால் மட்டம் இறங்கும். பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு: பல இஞ்சின்களில் இஞ்சின் ஆயில் கூலர், கடல் தண்ணீரில் அல்லாமல், இஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் நன்னீர்ச் (கூலன்ட்) சுற்றுக்குள் இருக்கும். அது ஓட்டையானால் கடலில் படலம் வராது. இஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்தால் ஆயில் மிதக்கும். கடல் தண்ணீர் நேரடியாகப் பாய்வது பெரும்பாலும் கியர்பாக்ஸ் கூலரில்தான். ஆகவே இஞ்சின் டிப் ஸ்டிக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடையாமல், கியர்பாக்ஸின் டிப் ஸ்டிக்கையும் உருவிப் பார்க்க வேண்டும்.

இரண்டில் எது அவசரம் என்றால், தயங்காமல் கூலர் என்பேன். நாசில் பழுது டீசலை வீணாக்கும், இஞ்சினை மெதுவாகக் கெடுக்கும். கூலரோ, ஓடும்போது ஆயிலை வெளியே தள்ளி, நின்றதும் உப்புத் தண்ணீரை உள்ளே விட்டுக்கொள்ளும். கியர் ஆயில் மோர் நிறத்துக்கு மாறியிருந்தால் பேரிங்கில் துரு தொடங்கியிருக்கக்கூடும். உப்பு நீரில் வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்திருந்தாலே அரிப்பு வரும். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காலங்காலமாக ஆராய்ந்துவரும் துறைகளில் ஒன்று இந்த அரிப்பு. கூலருக்குப் பதிலாகத் தான் அரிந்துபோகும் துத்தநாகக் கட்டையைக் கூலரில் பொருத்த இடமிருந்தால், அது கரைந்து போனதும் மாற்றுவது கூலரை மாற்றுவதைவிட மிக மலிவானது.

சிலர் சோப்புத் தூளைக் கரைத்து ஊற்றிப் படலத்தை மறைக்கிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எண்ணெய் எங்கும் போவதில்லை. சிறு துளிகளாக உடைந்து நீருக்குள் இறங்குகிறது. 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது தொண்டியை ஒட்டிய இதே பாக் விரிகுடாவில்தான். கடற்பசு மேய்வது ஆழம் குறைந்த நீரின் அடியில் வளரும் கடற்புல்லை. போதாததற்கு, பழுதைக் காட்டிக்கொடுக்கும் ஒரே சாட்சியையும் சோப்பு அழித்துவிடுகிறது.

கூலர்தான் என்று தோன்றினால் அதைக் கழற்றி, ஆயில் பக்கத்தின் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் மிதமான காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால், கடல் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து குமிழி வருவது சந்தேகத்தைத் தீர்த்துவிடும். மாற்றிப் பொருத்திய பிறகு கியர்பாக்ஸில் புது ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, அதை வடித்துவிட்டு மறுபடியும் புது ஆயில் ஊற்ற வேண்டும். இரண்டாவதும் வெளுத்தால், மூன்றாவது முறையும் மாற்றாமல் படகைக் கடலுக்கு அனுப்பக் கூடாது.