லேடிஹாக்கா, பிரின்சஸ் பிரைடா? எதைப் பாக்கலாம்

ரெண்டு இங்கிலீஷ் படமும் கோட்டை, வாள்சண்டை, காதல்னு ஒரே ஏரியா தான், ஆனா என் ஓட்டு லேடிஹாக்குக்கு (1985). ஒரு காதல் ஜோடி மேல ஒரு பிஷப் போட்ட சாபம், பகல்ல அவ பருந்து, ராத்திரில அவன் ஓநாய், எப்பவும் கூடவே இருக்காங்க ஆனா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மனுஷங்களா இருக்க முடியாது, சூரியன் உதிக்கிற அந்த ஒரு நொடில கை நீட்டுவாங்க பாருங்க, தொடுறதுக்குள்ள அவ பறவையாயிடுவா... சான்சே இல்ல. அந்த ஜோடியா நடிச்ச ரட்கர் ஹாவரும் மிஷெல் ஃபைஃபரும் சேந்து வர்ற சீன் கம்மி, அதனாலயே அந்த ஏக்கம் நமக்கும் ஒட்டிக்குது. விட்டோரியோ ஸ்டோராரோ கேமரால இத்தாலி மலையும் கோட்டையும் அள்ளுது. ஆண்ட்ரூ பவலோட சிந்தசைசர், ராக் மியூசிக் மட்டும் இந்தக் கதைக்கு ஒட்டவே இல்ல, அது பெரிய குறை.

பிரின்சஸ் பிரைட் (1987) வேற டைப், தாத்தா பேரனுக்குப் படிச்சுக் காட்டுற கதை, காமெடி ஜாஸ்தி, வசனம் செம, மார்க் நாஃப்ளர் மியூசிக்கும் நல்லா பொருந்துது. சாபம் கிடையாது. வீட்ல குட்டீஸோட உக்காந்து பாக்க இது, பிரிவோட வலி வேணும்னா யோசிக்காம லேடிஹாக் போடுங்க.