ஊசுட்டேரியில ஆறு மாசம் ஓட்டுன செகண்ட் ஹேண்ட் 150-600 எம்எம் ஜூம் லென்ஸ்

பாண்டில ஒரு கடைல செகண்ட் ஹேண்டா எடுத்தேன், ஆறு மாசமா ஞாயித்துக்கிழமை காலைல ஊசுட்டேரிக்கு இதைத்தான் தூக்கிட்டுப் போறேன் (2008ல பறவைகள் சரணாலயமா அறிவிச்ச அதே ஏரிதான்), ரெண்டு கிலோ கிட்ட வெயிட்டு, அரை மணி நேரம் கையில பிடிச்சா தோள் கழண்டுடும், மோனோபாட் (ஒத்தைக் கால் ஸ்டாண்டு) கண்டிப்பா வேணும்.

மொத மாசம் எடுத்த கொக்கு எல்லாம் வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி இருந்துச்சு, ஒரு இறகு தெரியல. லென்ஸ்தான் சரியில்லன்னு திட்டினேன், ஆனா தப்பு எக்ஸ்போஷர்ல, அதாவது படத்துல விழுற வெளிச்சத்தோட அளவுல. பின்னாடி கோரைப்புல்லு இருட்டா இருந்தா கேமரா அதைப் பாத்து வெளிச்சத்தை ஏத்திடுது, எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற செட்டிங்) மைனஸ் 1 வச்சதும் கழுத்து இறகு ஒவ்வொண்ணும் தனித்தனியா விழுந்துச்சு, அன்னைக்கு அந்தப் படத்தை எத்தனை தடவ பெருசாக்கிப் பாத்திருப்பேன்னே தெரியல!! நீர்க்காகம் வானத்துக்கு எதிர்ல பறந்தா உல்டா, பிளஸ் 1.

600ல அப்பர்ச்சரை (லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற துவாரம்) முழுசா தொறந்தா கொஞ்சம் சாஃப்ட், எஃப் 8க்கு சுருக்கி வச்சா நல்லா ஷார்ப்பு. பறக்குற பறவைக்கு ஷட்டர் ஸ்பீடு 1/2000 செகண்டை விட மெதுவா இறங்காதீங்க, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான சென்சிட்டிவிட்டி செட்டிங்) ஏறுனா ஏறட்டும், புள்ளிப்புள்ளியா வர்ற நாய்ஸை எடிட்டிங்ல குறைச்சிக்கலாம், ஷேக் ஆன கண்ணை எதுவும் காப்பாத்தாது. ரா ஃபைல்ல (கேமரா பிராசஸ் பண்ணாத ஒரிஜினல் ஃபைல்) எடுங்க, நிழலைத் தூக்கலாம், ஆனா வெந்துபோன வெள்ளை திரும்ப வராது.

ஒரே குறை, புல்லுக்குள்ள தாழைக்கோழி நின்னா ஃபோகஸ் புல்லுக்கு ஓடுது, ஒரே புள்ளில மட்டும் ஃபோகஸ் பண்ற சிங்கிள் பாயின்ட் வச்சா பரவால்ல. வாங்குறவங்க கடைலயே 600ல வச்சு எதிர்த்தாப்புல இருக்குற போர்டை எடுத்துப் பாத்துட்டு காசு குடுங்க.