ஜாங்கோ ஓஆர்எம்முடன் ஆறு வருடம்: ஒரு மீன் வாடியின் கணக்கு

திருகோணமலையில் ஒரு மீன் வாடிக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து ஆறு வருடமாகிறது. படகு, சம்மாட்டி (படகின் சொந்தக்காரர்), அன்றன்றைய பிடி, ஐஸ் செலவு, முற்பணம் எல்லாம் பைதன் நிரல்மொழியில் கிளாஸ்கள், அதாவது வகைகள்; அந்த வகையில் ஒவ்வொன்றும் ஓர் ஒப்ஜெக்ட். கிளாஸுக்கு ஓர் அட்டவணை, ஒப்ஜெக்டுக்கு ஒரு நிரை என்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் போட்டு எடுப்பது, பைதனில் இணையச் செயலி எழுத உதவும் ஜாங்கோவின் ஓஆர்எம் என்ற பகுதி.

முதல் சில மாதம் தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேசும் மொழியான எஸ்கியூஎல் பக்கமே போகவில்லை, அவ்வளவு சுகம். அப்புறம் வாரக் கணக்குப் பக்கம் இழுக்க ஆரம்பித்தது. "தம்பி, கொப்பியைப் புரட்டினால் இதைவிடக் கெதியாகப் பார்க்கலாம்" என்றார் முதலாளி. சரிதான், 17 செக்கன் எடுத்தது. 140 பிடிகளை எடுக்கத் தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி, அதாவது ஒரு குவெரி, பிறகு ஒவ்வொரு பிடிக்கும் படகு, படகுக்குச் சம்மாட்டி என்று தனித்தனியாக இன்னும் 280. தரவுத்தளம் வெளிநாட்டு சேர்வரில், ஒரு தடவை போய்வர 60 மில்லிசெக்கன். செலக்ட்_ரிலேட்டட் என்று ஒரு சொல் சேர்த்ததும் அட்டவணைகளை இணைக்கும் ஜொயின் போட்டு ஒரே குவெரியில் எல்லாம் வந்தது.

அது வேகம் மட்டும்தான். என்னை உண்மையில் பயமுறுத்தியது, ஒப்ஜெக்டைத் தரவுத்தளத்தில் எழுதும் சேவ். சம்மாட்டிமாருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் நிரல் எல்லோரையும் ஒரேயடியாக நினைவகத்தில் ஏற்றிவிட்டு, ஒவ்வொருவருக்கும் அனுப்பிய நேரத்தைக் குறித்து சேவ் செய்துகொண்டு போகும். அந்த இடைவெளியில் ஒருவர் முற்பணத்தில் கொஞ்சம் திருப்பிக் கட்ட, கணக்குப்பிள்ளை அதைப் பதிந்துவிட்டார். சேவ் நேரத்தை மட்டும் எழுதாது, சொல்லாவிட்டால் எல்லாப் புலங்களையும் எழுதும். பழைய மீதி திரும்ப வந்து குந்திவிட்டது. கட்டிய மனிதரைக் கட்டவில்லை என்று காட்டியது என் நிரல். இப்போது எந்தப் புலங்களை எழுதவேண்டும் என்று சொல்லும் அப்டேட்_ஃபீல்ட்ஸ் கொடுக்காமல் அந்த மாதிரி இடங்களில் சேவ் செய்வதில்லை, மீதியைக் கூட்டுவதும் கழிப்பதும் எஃப் எக்ஸ்பிரஷன் மூலம் தரவுத்தளத்துக்குள்ளேயே நடக்கிறது.

இத்தனைக்கும் இதை விடமாட்டேன். 2014இல் ஜாங்கோ 1.7 பதிப்போடு உள்ளேயே வந்த, அட்டவணை அமைப்பை மாற்ற உதவும் மைகிரேஷன் ஒன்றே போதும்: அட்டவணையில் புதுப் புலம் சேர்ப்பது ஒரு சின்ன வேலையாகிவிட்டது. மாத முடிவு அறிக்கைகளை மட்டும் நேரடி எஸ்கியூஎல்லில் எழுதுகிறேன், அங்கே ஓஆர்எம்மை வளைப்பதில் நேரம்தான் போகும். முக்கியமான பக்கங்களுக்கு எத்தனை குவெரி என்று டெஸ்டில், அதாவது நிரலைச் சோதிக்கும் நிரலில், கட்டி வைத்திருக்கிறேன். ஒன்று கூடினாலும் டெஸ்ட் விழும், அன்றைக்கே பார்த்துவிடலாம்.