பெட்ரோல் குடிக்கும் கார்: ஒர்க்‌ஷாப்பா, கம்பெனி சர்வீஸா, ஸ்கேனரா, ஜாக்கியா?

லிட்டருக்கு 17, 18 என்று கொடுத்துக்கொண்டிருந்த குடும்பக் கார் 12க்கு இறங்கிவிட்டால் ராமநாதபுரம் பக்கம் நான்கு விதமான யோசனை வரும். பங்க்கில் நிற்பவர் டேங்க்கில் ஊற்றுவதற்கு ஒரு சின்ன பாட்டிலைக் காட்டுவார். தெருமுனை ஒர்க்‌ஷாப்காரர் பிளக்கையும் ஃபில்டரையும் மாற்றிவிடலாம் என்பார். வீட்டுப் பெரியவர்கள் கம்பெனி சர்வீஸுக்கு விடச் சொல்வார்கள். கல்லூரியில் படிக்கும் தம்பி மகன், செல்போனில் பார்க்கிற ஸ்கேனர் ஒன்று வாங்கலாம் என்பான். ஐந்தாவது வழியை யாரும் சொல்வதில்லை: டிக்கியில் கிடக்கும் ஜாக்கியை எடுத்து, சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றிப் பார்ப்பது. இந்தக் கடற்கரையில் ஓடும் காருக்கு அதுதான் முதல் வேலை என்பது என் கட்சி. மற்ற நான்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஆனால் மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். டாஷ்போர்டில் தெரியும் எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராள மனசு உடையது. அதை நம்பி வழக்குத் தொடுக்க முடியாது. ஒரே பங்க்கில், பம்ப் தானாக நிற்கும்வரை டேங்க்கை நிரப்புங்கள். 300, 400 கிலோமீட்டர் ஓடியபின் அதே இடத்தில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் கணக்கு. விளம்பரத்தில் போட்டிருந்த மைலேஜோடு இதை ஒப்பிடுவது வீண் வேலை. அந்த எண் ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் காரை ஓட்டி எடுத்தது. வேகம் 90ஐத் தாண்டாது, ஏ.சி. ஓடாது, எதிர்க்காற்றும் கிடையாது. உங்கள் கார் போன வருடம் இதே சாலையில் எவ்வளவு கொடுத்தது என்பதே அளவுகோல்.

பங்க்கின் மீதே சந்தேகமா? முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. 25 மில்லி வரை கூடுதல் குறைவு அனுமதிக்கப்பட்டது. பாத்திரம் நிறைந்துவிட்டால் பங்க்காரரை விட்டுவிடுங்கள்.

இன்னொரு குற்றவாளி இங்கே வெளிப்படையாகவே திரிகிறது: காற்று. உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாக ராமேஸ்வரம் போகும் சாலை கிழக்கே நீள்கிறது. ஆடிக்காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது, போகையில் காரைத் தள்ளிவிடும், திரும்புகையில் எதிர்த்து நிற்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு 30 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்று வந்தால், கார் 110இல் போகிறபோது என்ன காற்றுத் தடை இருக்குமோ அதைத் தாங்குகிறது. தடை வேகத்தின் வர்க்கமாகப் பெருகுவதால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாடைக் காலத்தில் இந்தக் கதை தலைகீழ். ஆகவே ராமேஸ்வரம் போய்த் திரும்பிய முழுப் பயணத்துக்கும் சேர்த்துத்தான் கணக்கெடுக்க வேண்டும்; திரும்பி வந்த பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு மெக்கானிக்கைத் தேடி ஓடக்கூடாது. மேலே கேரியரில் மூட்டை முடிச்சு ஏற்றி வந்த காருக்கு இது இன்னும் கூடும். சாமான் இல்லாத நாளிலும் கேரியரைக் கழற்றாமல் சுற்றுகிறவர்கள் காற்றுக்கு மாதாமாதம் மொய் எழுதுகிறார்கள்.

எத்தனாலையும் இங்கேயே பேசி முடித்துவிடுவது நல்லது. ஏனென்றால் டீக்கடையில் இப்போது எல்லாப் பழியும் அதன் தலையில்தான் விழுகிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோலில் மைலேஜ் குறையும் என்பது உண்மைதான். எவ்வளவு குறையும் என்பதில்தான் பேச்சு வழிதவறுகிறது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை, எத்தனால் கலக்காத பழைய பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10க்கு (10 சதவீதம் கலந்தது) ஏற்பச் சரிசெய்த நான்கு சக்கர வாகனங்களுக்கு 6 முதல் 7 சதவீதம் என்றது. இ10க்கு வடிவமைத்து இ20க்குச் சரிசெய்தவற்றுக்கு 1 முதல் 2 சதவீதம் என்றது. சந்தையில் பலரும் இதைவிடக் கூடுதலாகச் சொல்கிறார்கள். கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொண்டாலும் 18 கொடுத்த கார் 16 சொச்சத்துக்கு இறங்கலாம், 12க்கு இறங்காது. 12க்கு இறங்கிய காரை ஓட்டிக்கொண்டு எத்தனாலைத் திட்டுகிறவர், உண்மையான பழுதுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறார்.

எத்தனை சதவீதம் போனது என்பதை வைத்தே யாரைச் சந்தேகிப்பது என்று முடிவு செய்யலாம். 5 சதவீதம் என்றால் காற்று, எத்தனால், ஏ.சி., டயரில் குறைந்த காற்று என்று பல சில்லறைக் காரணங்கள். 10, 15 என்றால் அவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கின்றன. 25, 30 சதவீதம் காணவில்லை என்றால் சில்லறைக் காரணம் எதுவும் போதாது. பிடித்துக்கொண்ட பிரேக், சூடேறாத எஞ்சின், பொய் சொல்லும் சென்சார் ஆகிய மூன்றில் ஒன்று அநேகமாக இருக்கும். இவற்றில் சென்சார் எந்த ஊரிலும் கெடும். மற்ற இரண்டுக்கும் நம் ஊரில் உப்பு என்று தனிக் காரணம் உண்டு.

பாட்டில்

வேண்டாம். நன்றாக ஓடும் எஞ்சினில் அது பெரிதாக எதுவும் செய்யாது. பழுதான எஞ்சினைப் பழுது பார்க்கவும் செய்யாது. பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தத்துக்கும் இதே தீர்ப்புதான்.

தெருமுனை ஒர்க்‌ஷாப்

இவர்களிடம் உள்ள பெரிய பலம் கை. பிரேக்கைப் பிரித்துச் சுத்தம் செய்வதில் அனுபவசாலி மெக்கானிக்குக்கு இணை கிடையாது, கூலியும் குறைவு. பலவீனம், எந்த நோய்க்கும் முதலில் ஏர் ஃபில்டரைக் குற்றம் சொல்வது. கார்புரேட்டர் காலத்தில் அது சரி. இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில், உள்ளே வரும் காற்றை அளந்துதான் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் தெளிக்கிறது. ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையுமே தவிர, மைலேஜ் சொல்லும்படியாகக் குறைவதில்லை என்று அமெரிக்காவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். தனுஷ்கோடி மணலில் ஓடும் காருக்கு ஃபில்டர் மாற்றுவது எஞ்சினின் ஆயுளுக்கு நல்லது, மாற்றிக்கொள்ளுங்கள். மைலேஜ் திரும்பும் என்று காத்திருக்காதீர்கள்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. நம் கிராமங்கள் பலவற்றில் போர்த் தண்ணீர் உப்பு. குடிக்க நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் மட்டும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்குப் பதிலாக அந்தப் போர்த் தண்ணீரையே ஊற்றிவிடுகிறோம். அது உள்ளே படிவாகப் படிந்து அடைக்கிறது, அரிக்கிறது. எஞ்சின் சூடாகிறது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று, எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மூடி வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதன்பின் சூடு பிரச்சினை தீர்ந்ததுபோலத் தோன்றும். ஆனால் எஞ்சின் வேண்டிய சூட்டை எட்டுவதே இல்லை. இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். கழற்றாத காரிலும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டால் இதே விளைவுதான். வெயிலுக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் சம்பந்தமில்லை. ராமநாதபுரத்தின் 38 டிகிரிகூட எஞ்சினுக்குக் குளிர்தான். அதற்கு வேண்டியது 80க்கும் 95க்கும் இடைப்பட்ட சூடு. பழைய கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்கேனர்

ஆயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கும் சின்னப் பெட்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் மாட்டினால் ப்ளூடூத் வழியாகச் செல்போனில் எண்கள் வரும். இரண்டு எண்கள் போதும். முதலாவது கூலன்ட் வெப்பநிலை. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடியபின்பும் 60, 70இலேயே நின்றால் மேலே சொன்ன தெர்மோஸ்டாட் கதை உங்கள் காரிலும் நடந்திருக்கிறது. சூடான எஞ்சினைக் குளிர் என்று வெப்பநிலை சென்சாரே தவறாகச் சொல்வதும் உண்டு.

இரண்டாவது, நீண்டகால ஃப்யூயல் டிரிம் என்னும் சதவீதம். வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு கூட்டியோ குறைத்தோ பெட்ரோல் தெளிக்கிறது என்பதை அது காட்டும். 10க்குள் கூடக் குறைய இருந்தால் பயமில்லை. மைனஸ் 15, 20 என்று காட்டினால் எங்கிருந்தோ வேண்டாத பெட்ரோல் வருகிறது; பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகலாம். பிளஸ் பக்கம் சில எண்கள் கூடியிருப்பதைப் பார்த்து உடனே பதற வேண்டாம். எத்தனால் எரிய, பெட்ரோல் எரிவதைவிடக் குறைந்த காற்று போதும். ஆகவே இ20 நிரப்பிய பழைய கார், அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெளிப்பது இயற்கை. இது தெரியாமல், புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சென்சார் உண்மையிலேயே கெட்டால் இழப்பு மிகப் பெரியது. சரிசெய்தால் 40 சதவீதம் வரை மைலேஜ் கூடலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. எஞ்சின் விளக்கு எரிகிற காரில் ஸ்கேனரைத்தான் முதலில் மாட்ட வேண்டும். அங்கே என் ஜாக்கி இரண்டாம் இடத்துக்குப் போகலாம்.

ஸ்கேனரின் குறை ஒன்றே ஒன்று. எஞ்சின் எவ்வளவு பெட்ரோல் எரிக்கிறது என்பதை அது சொல்லும். எரித்துப் பெற்ற பலம் எங்கே போகிறது என்பதைச் சொல்லாது. கீழக்கரைப் பக்கம், தெருவே காக்கா (அண்ணன்) என்று கூப்பிடும் ஒரு மெக்கானிக்கிடம், "ஸ்கேன் போட்டுப் பார்க்கலாமா காக்கா?" என்று கேட்டேன். "போடலாம் தம்பி. பின் சக்கரம் ஏன் இப்படிச் சுடுகிறது என்று அது சொல்லுமா?" என்றார்.

ஜாக்கி

டிஸ்க் பிரேக்கில் பேட்களைப் பிடித்து அழுத்தும் காலிப்பர் இரண்டு ஊசிகளின்மேல் முன்பின் நகர வேண்டும். ஊசியை மூடும் ரப்பர் உறை கிழிந்தால் உப்பு ஈரம் உள்ளே போகும். கிரீஸ் காய்ந்து, துரு ஏறி, ஊசி இறுகிவிடும். மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் உரசிக்கொண்டே வரும். பின்னால் டிரம்முக்குள் ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, இழுத்தால் போகும், விட்டால் திரும்பாது. கடலை ஒட்டிய வீட்டில் ஹேண்ட் பிரேக் போட்டபடி வாரக்கணக்கில் நிற்கும் கார்களுக்கு இது அடிக்கடி வருகிறது. சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டால் கேபிள் பிழைத்துக்கொள்ளும்.

சோதனைக்குக் காசு இல்லை. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் இருபது நிமிடம் ஓட்டி, மெதுவாக உருண்டு வந்து நிற்கும்படி நிறுத்துங்கள். நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே மாதிரி, பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் ஆள் அகப்பட்டான். கார் ஆறியபின் கெட்டியான தரையில், மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அந்தச் சக்கரத்தைத் தூக்குங்கள். மணலில் ஜாக்கி வைக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். எஞ்சினோடு இணையாத சக்கரம் என்றால், நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் இல்லாமல் ஒரு தள்ளுக்குச் சில சுற்று சுற்ற வேண்டும். முன் சக்கரம் கியர்பாக்ஸையும் இழுத்துக்கொண்டு கொஞ்சம் கனமாகச் சுற்றும். அதை எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சக்கரத்தைத் தூக்கியதும் டயரையும் ஒரு சுற்றுப் பாருங்கள். சாலையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். ட்யூப்லெஸ் டயரில் முள் ஏறினால் உடனே காற்று இறங்காது; முள்ளே அடைப்பானாக இருந்து நாளுக்குக் கொஞ்சமாக விடும். காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயர் 25இல் ஓடினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு பி.எஸ்.ஐ. குறைவுக்குச் சுமார் 0.2 சதவீதம்தான் மைலேஜ் போகும். காற்றடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பஞ்சர் கடையோடு நின்றுவிடக் கூடாது. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

அரிச்சல்முனை வரை 2017இல் சாலை வந்த பிறகு, விருந்தாளி வந்தால் காரை எடுத்துக்கொண்டு அலை விளிம்பு வரை போகிறோம். திரும்பி வந்ததும் காரின் அடிப்பகுதியில் தண்ணீர் அடிக்க வேண்டும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில், குளிக்கவே அளந்து ஊற்றும் நல்ல தண்ணீரைக் காருக்குக் கொட்டச் சொல்வது வேடிக்கைதான். சக்கர உட்புறத்துக்கு மட்டும் இரண்டு வாளி கொடுங்கள்.

கம்பெனி சர்வீஸ்

வாரன்ட்டி இருக்கும் காருக்கு வேறு பேச்சே இல்லை, அங்கேதான் போக வேண்டும். கம்ப்யூட்டரின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமானாலும் அவர்களால்தான் முடியும். எஞ்சின் ஆயில் விஷயத்திலும் அவர்களை நம்பலாம். மெல்லிய ஆயில் கேட்கும் புது எஞ்சினில் கெட்டி ஆயிலை ஊற்றி ஓரிரு சதவீதத்தைத் தொலைக்கும் வேலை வெளியேதான் அதிகம் நடக்கிறது.

ஆனால் அவர்களின் பட்டியல் கிலோமீட்டரைப் பார்த்துத் தயாரானது. கடலைப் பார்த்து அல்ல. குறைவாக ஓடி, நிறைய நிற்கும் கடலோரக் காருக்கு, ஊசியைக் கழற்றிக் கிரீஸ் போடும் முறை வருவதற்குள் ஊசி இறுகிவிடும். "மைலேஜ் குறைவு" என்று மட்டும் எழுதிக்கொடுத்தால், ஓட்டிப் பார்த்தோம், சரியாக இருக்கிறது என்ற பதிலோடு கார் கழுவித் திரும்பி வரும். டேங்க் நிரப்பிய கணக்கைக் காட்டுங்கள். எந்தச் சக்கரம் சுடுகிறது என்று சொல்லுங்கள். நான்கு சக்கரப் பிரேக்கையும் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாரன்ட்டி முடிந்த காருக்கு இந்த வேலையைத் தெருமுனை மெக்கானிக்கே செய்வார், அவர் கை தெர்மோஸ்டாட் பக்கம் போகாதவரை.

சக்கரம் நான்கும் ஆறியிருக்கின்றன, கூலன்ட் 90இல் நிற்கிறது, டிரிம் 10க்குள் இருக்கிறது, அப்படியும் மைலேஜ் இல்லை என்றால் கிளட்சைப் பாருங்கள். பாம்பன் பாலம் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாமல் இருந்தால் அது வழுக்குகிறது. காலையில் கார் நிற்கும் இடத்தில் பெட்ரோல் வாடை அடித்தால், குழாயிலும் துரு ஏறியிருக்கலாம். அன்றைக்குக் காரைக் கிளப்பவே வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.