பத்து லட்சம் பெசோ நோட்டு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்

அர்ஜென்டினாவின் பத்து லட்சம் பெசோ நோட்டை ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். ராணுவ ஆட்சி நடந்தபோது, 1981ல், விலைவாசி எகிறி சின்ன நோட்டுகளுக்கு மதிப்பே இல்லாமல் போன சமயத்தில் வெளிவந்தது. முகப்பில் அந்நாட்டின் விடுதலை வீரர் சான் மார்ட்டின். 1983ல் 10,000 பழைய பெசோ ஒரு பெசோ அர்ஜென்டினோ என்ற புது நாணயம் ஆனபோது இந்தப் பத்து லட்சம் வெறும் 100 ஆனது, 1985ல் ஆஸ்ட்ரால் என்ற அடுத்த நாணயம் வந்து மூன்று சுழியம் போனதும் அது 10 சென்டாவோ (நூறு சென்டாவோ ஒரு ஆஸ்ட்ரால்), 1992ல் இன்றைய பெசோ வந்தபோது இன்னும் நான்கு சுழியம் போனது. கணக்குப் போட்டால் இந்த நோட்டு ஒரு லட்சம் சேர்ந்தால்தான் இன்றைய ஒரு பெசோ! உழைத்துச் சேர்த்தவர்களின் சேமிப்பெல்லாம் எப்படிக் கரைந்திருக்கும் என்று இந்த ஒரு தாளைப் பார்த்தாலே நெஞ்சு கனக்கும், அதனால்தான் இதன் மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

அந்த ஆசையைத்தான் விற்றவர் பிடித்துக்கொண்டார். இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொன்னார். "பேங்க் கட்டிலிருந்து எடுத்தது சார், மடிப்பே கிடையாது" என்றார், 6,500 ரூபாய் அனுப்பினேன். நோட்டு கெட்டியான பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வந்தது. திறக்காதீர்கள், விரல் பட்டால் தரம் போய்விடும் என்று வேறு சொன்னார். நானும் இரண்டு வாரம் திறக்கவில்லை.

அப்புறம் சந்தேகம் வந்து திறந்தேன். விளக்குக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்புக் கோடு, அந்த இடத்தில் மையும் உதிர்ந்திருந்தது. புது நோட்டில் படத்தைத் தடவினால் விரலுக்குச் சொரசொரப்பு தெரியும், இதில் இஸ்திரி போட்டு அழுத்தியதில் எல்லாம் வழவழவென்று இருந்தது. புற ஊதா டார்ச் அடித்தேன், தாள் முழுக்க நீலமாக மின்னியது. ரூபாய் நோட்டுத் தாள் அப்படி மின்னக் கூடாது, சோப்புத்தூளில் உள்ள வெளுப்பான் ஒட்டினால் அந்த வெளிச்சம் வரும். ஆக, புழங்கிய நோட்டைத் துவைத்து, தேய்த்து, புதுசு என்று விற்றிருக்கிறார்.

கேட்டதற்கு, "உறையைத் திறந்துவிட்டீர்களே, இனி திரும்ப வாங்க மாட்டேன்" என்றார். அடுத்த நாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

தயவுசெய்து உறைக்கு வெளியே, சாய்வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் எடுத்த படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பெருவின் இன்டி, பொலிவியாவின் பழைய பெசோ என்று அவரிடம் இன்னும் நிறைய "புது" நோட்டுகள் இருப்பதாக அப்போதே சொன்னார். எனக்கு அனுப்பிய அதே படத்தைக் காட்டி நண்பர் ஒருவரிடமும் விலை பேசியிருக்கிறார், நேற்று ராத்திரிதான் நண்பரை வாங்கவிடாமல் தடுத்தேன்.